வண்டி இனிப் பாடம் நடத்தாது

கோவையின் பெட்ரோல் வேகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமைக்காரர்களே,

விடிகாலையில் கிணத்துக்கடவில் டீ குடித்து, பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு சோதனைச்சாவடி திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்கும் கூட்டம் உங்களுடையது. போலோ ஜி.டி., ஐ20 என் லைன், பத்திரமாகப் பொத்திவைத்த பழைய பாலியோ 1.6, ஆக்டேவியா ஆர்.எஸ். என்று வரிசை கட்டி வால்பாறைக்கு ஏறுவீர்கள். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். என் ஆர்.எஸ். 230-ஐக் கொடுத்துவிட்டு மஹிந்திரா பி.இ. 6 மின்கார் வாங்கினேன். அன்றோடு என் பெயர் மாறிப்போனது. "என்னங்க மாப்பிள்ளை, சட்னி அரைஞ்சுதுங்களா?" என்று கேட்காதவர் உங்களில் ஒருவரும் இல்லை.

கேலி எனக்குப் பிடித்தே இருக்கிறது. மிக்ஸிச் சத்தம் என்று நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உங்களை மின்கார் வாங்கச் சொல்லி வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் உங்களுக்கென்று ஒரு வேலை காத்துக்கிடக்கிறது. வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எண்களைப் பேசி முடித்துவிடலாம். 2017-இல் இங்கே வந்த ஆர்.எஸ். 230-க்கு இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். 2020-இல் வந்த ஆர்.எஸ். 245-இல் அது இன்னும் கொஞ்சம் கூடியது. நாடு முழுவதற்கும் 200 வண்டிகள்தான், விலை 36 லட்சத்தை ஒட்டி. நிற்கும் நிலையிலிருந்து 100 கி.மீ. வேகம் எட்ட 6.6 விநாடி என்றது நிறுவனம். அந்த 200-இல் ஒன்று கோவைக்கு வந்தபோது நாம் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமானது பி.இ. 6. அதில் 79 யூனிட் பேட்டரி வைத்த வகைக்கு 286 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. வேகத்துக்கு 6.7 விநாடி. 18.90 லட்சம் என்று அறிவித்த தொடக்க வகையிலேயே 231 குதிரைத்திறன் இருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த பி.ஒய்.டி. சீலின் உயர்வகை 530 குதிரைத்திறனோடு 3.8 விநாடியில் அந்த வேகத்தைத் தொடுகிறது. கொஞ்ச காலம் முன்புவரை இந்த எண்ணைக் கேட்டால் கோடிகளில் விலை சொல்வார்கள்.

இந்த எண்களை வைத்து "உங்கள் வண்டி தோற்றுவிட்டது" என்று சொல்ல வரவில்லை. நேர்கோட்டில் மின்கார் முந்துவது உங்களுக்கும் தெரிந்ததுதான். வேகத்தோடு அதற்குப் பழைய உறவும் உண்டு. 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிசுக்கு அருகில் அஷேர் என்ற இடத்தில், கமீல் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஈய அமில பேட்டரிகள் ஏற்றிய வண்டியில் மணிக்கு 105.88 கி.மீ. ஓட்டினார். மணிக்கு நூறு கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் அதுதான். பெட்ரோல் வண்டிகள் அதற்குப் பிறகே அந்தக் கோட்டைத் தாண்டின. ஆக, மின்காரின் வேகத்தில் புதுமை ஒன்றுமில்லை. அந்த வேகம் மலிந்துவிட்டது என்பதே புதிது. நம் ஊர்ப் பொது வாழ்க்கைக்கு அதுதான் பெரிய சேதி.

இனி நீங்கள் சொல்லும் குறைகளுக்கு வருகிறேன். சத்தம் இல்லை, கியர் இல்லை, மிதித்தவுடன் எல்லாம் ஒரேயடியாக வந்துவிடுவதால் ரசித்து ஏற வழியில்லை என்று மூன்று சொல்கிறீர்கள். மூன்றும் உண்மை. ஆனால் இழந்தது ரசனை மட்டும் என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் இழப்பு அதைவிடப் பெரியது. இழந்த மூன்றும் நமக்கு வாத்தியார்களாக இருந்தன.

சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் எஞ்சின் உச்சக்குரலுக்குப் போகும்போது வேகம் எவ்வளவு என்று உங்கள் காதுக்கே தெரியும். மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாவுக்கும் தெரியும். "மெதுவாப் போங்க" என்ற குரல் சரியான நேரத்தில் வரும். மின்காரில் 70-க்கும் 110-க்கும் நடுவே காதுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரிவதில்லை. கொஞ்சம் காற்றிரைச்சல், கொஞ்சம் டயர் இரைச்சல், அவ்வளவுதான். பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி 120-இல் போய்க்கொண்டிருக்கும். பயப்பட வேண்டிய யாருக்கும் பயம் வராது.

இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ஹூண்டாய் 2023-இல் வெளியிட்ட ஐயானிக் 5 என், உச்சத்தில் 650 குதிரைத்திறன் கொண்ட மின்கார். அதற்குள் எட்டு கியர் கொண்ட பெட்டி இருப்பதுபோல ஒரு மென்பொருள் பாவனை செய்கிறது. கியர் மாற்றினால் குலுக்குகிறது. சிவப்புக் கோட்டைத் தொட்டால் இழுவையை வெட்டுகிறது. ஒலிபெருக்கிகள் எஞ்சின்போல உறுமுகின்றன. பொம்மை விளையாட்டு என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் சிரிக்கவில்லை. 2024-இன் உலகச் செயல்திறன் கார் விருதை அதற்கே கொடுத்தார்கள். வளைவுக்குள் போகும்போது வேகத்தை உடம்புக்குச் சொல்ல ஏதாவது ஒரு குரல் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அந்த வண்டி ஒப்புக்கொள்கிறது.

கியரும் அப்படியே. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்தோடு பொருத்தி உள்ளே நுழைய வேண்டும். இதில் கைகால் வித்தை ஒரு பங்குதான். வளைவு வருவதற்கு முன்பே வளைவைப் பற்றி யோசித்தாக வேண்டும் என்பது மீதிப் பங்கு. யோசிக்காதவனுக்குத் தவறான கியர் மாட்டும், வண்டி முனகும், கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை யோசிப்பான். மின்காரில் எந்த வேகத்தில் வளைவுக்கு வந்தாலும் வண்டி ஒன்றும் சொல்லாது. திட்டமில்லாமல் வந்தவனையும் திட்டத்தோடு வந்தவனையும் ஒன்றாகவே நடத்தும், ஒரு எல்லைவரை. எல்லை தாண்டியபின் சொல்லித்தர நேரம் இருக்காது.

மூன்றாவது, டர்போ எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்னத் தாமதம். நாம் திட்டித் தீர்த்த தாமதம்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை எப்போது மிதிப்பது, ஸ்டியரிங் எவ்வளவு நேரானபின் மிதிப்பது என்பதை நமக்குப் பழக்கியது அதுதான். மின்மோட்டார் சுழற்சி பூஜ்யத்திலிருந்தே முழு டார்க்கையும் கொடுக்கக்கூடியது. காந்தப்புலம் வினைபுரிய ஆகும் நேரம் கண்ணிமைக்கும் பொழுதைவிடக் குறைவு. கால் என்ன நினைத்ததோ அது உடனே சக்கரத்துக்குப் போய்விடுகிறது. நல்ல காலுக்கு இது வரம். பழகாத காலுக்கு என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

நாம் எப்படிப் பழகினோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் தொடங்கியது மாருதி 800-இல். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத வண்டி. அடுத்து ஜென் அல்லது பாலியோ. பிறகு ஸ்விஃப்ட், போலோ. வசதி வந்தவர்கள் அதற்குமேல். ஒவ்வொரு வண்டியிலும் சில வருடங்கள் கழிந்தன. குதிரைகள் கூடக்கூட கைப்பக்குவமும் கூடியது. இந்த ஊரின் பந்தய மரபும் அப்படித்தான் வளர்ந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பெயர் வாங்கிய நம் கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். சின்ன எஞ்சின். வளைவில் வேகத்தைத் தொலைத்தால் திரும்பப் பிடிக்கவே முடியாது; எனவே தொலைக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பள்ளியில் தொடங்கியவர்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் எழுந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான் வந்தது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். பத்து வருடம் 80 குதிரைத்திறன் வண்டியை அலுவலகத்துக்கும் மாமனார் வீட்டுக்கும் ஓட்டியவர், மாதத் தவணை கட்டுப்படியாகிறது, பெட்ரோல் செலவு மிச்சம் என்று ஒரு மின்கார் வாங்குகிறார். வேகத்துக்காக அவர் வாங்கவில்லை. வேகம் கூடவே வந்துவிட்டது. ஷோரூமில் திரையை எப்படித் தட்டுவது, சார்ஜரை எப்படி மாட்டுவது என்று ஒரு மணி நேரம் சொல்லித்தருகிறார்கள். 286 குதிரைத்திறனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அவினாசி சாலையில் 10.1 கி.மீ. நீளத்துக்குச் சிக்னலே இல்லாமல் கிடக்கும் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறுகிறார். இந்த ஊரில் உள்நாட்டு மின்மோட்டார் செய்து காட்டிய மனிதரின் பெயர் கொண்ட பாலத்தில், வேறொரு மின்மோட்டாரை அவர் கால் முதல்முறை முழுதாக மிதிக்கிறது.

2023-இல் இந்தியச் சாலைகளில் 1.72 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்; காரணங்களில் அதிவேகம் முதலிடம். இதில் மின்கார்களின் பங்கு இன்று சிறியதாக இருக்கும். சாலையில் அவற்றின் எண்ணிக்கையே சிறிதுதானே. ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. பி.இ. 6 போன்ற ஒவ்வொன்றோடும் நம் ஆர்.எஸ்.-க்குச் சமமான இழுவை, அதைப் பழகாத ஒரு காலிடம் போய்ச் சேருகிறது.

மாறினால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பயமுறுத்துவதாக நினைப்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். உதகையின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ இருந்தால் ஓரளவு ஈடுகட்டும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. அமெரிக்காவின் 4,300 மீட்டர் உயரப் பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்தில் 2018-இல் ரோமென் டூமா ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர். என்ற மின் பந்தயக் காரை 7 நிமிடம் 57.148 விநாடியில் மேலே கொண்டுபோய் ஒட்டுமொத்தச் சாதனையையே உடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் வண்டியின் பாரம் தாழ்ந்து நிற்கிறது. உயரமான உடம்பு இருந்தும் வளைவில் சாய்வு குறைவு. பி.இ. 6 பின்சக்கர இழுவை வண்டி. வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்சக்கரம் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. முன்சக்கரமே இரண்டு வேலையும் பார்த்த ஆர்.எஸ்.-இல் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆக்ஸிலரேட்டரின் நுணுக்கம் இன்னொன்று. அரை மில்லிமீட்டர் அழுத்தினால் அந்த அளவுக்குத்தான் தள்ளும். கியர்பெட்டி குறுக்கே யோசித்துக்கொண்டு நிற்பதில்லை.

பணக் கணக்கு சுருக்கமாக. நாம் ஓட்டுகிற ஓட்டுக்கு ஆர்.எஸ். லிட்டருக்கு எட்டு கி.மீ. கொடுத்தால் பெரிது, லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி என்றால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். மின்காரில் ஒரு யூனிட்டுக்கு ஆறு கி.மீ. என்று வையுங்கள். வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டி. பொது வேகச் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய் என்றாலும் மூன்று ரூபாய்ச் சில்லறை. புகைக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி என்பது மெய். யூனிட்டுக்கு எழுநூறு கிராம் கரியமில வாயு என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 120 கிராமை ஒட்டித்தான் வருகிறது. எட்டு கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு அது 290 கிராமை ஒட்டும். பேட்டரி செய்யும்போது கிளம்பும் புகை இதற்கு வெளியே; ஓட ஓட அது ஈடாகிறது.

இனி உங்கள் பக்கத்து நியாயம். எடை கூடிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. நம் ஆர்.எஸ். ஒன்றரை டன்னுக்குள். சீலின் உயர்வகை 2,185 கிலோ. எடையை எந்த மென்பொருளும் கரைக்காது. வலது இடது என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில் அதை இடுப்பில் உணரலாம். பந்தயத் தடத்தில் முழு மூச்சாக ஓட்டினால் 79 யூனிட் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது. அதற்கு முன்பே சூடேறிச் சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்வதும் உண்டு. கைவைக்கவும் இடமில்லை. ஈ.சி.யூ. ரீமேப், எக்ஸாஸ்ட், இன்டேக் என்று நீங்கள் உங்கள் வண்டியை உங்கள் வண்டியாக்கினீர்கள். மின்காரின் மென்பொருள் பூட்டிய அறை. ஒரு நாள் காலையில் தானாகவே புதுப்பித்துக்கொண்டு பிரேக் உணர்வை மாற்றிவைத்திருந்தாலும் நாம் கேட்க முடியாது. இந்தக் குறைகளைச் சரியாக எடைபோடத் தெரிந்தவர்களும் நீங்கள்தான். அதனால்தான் நீங்கள் ஒதுங்கி நின்று சிரிப்பது எனக்கு நஷ்டமாகத் தெரிகிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். பெட்ரோல் வண்டி நமக்குச் சொல்லித்தந்ததை இந்தப் புதிய வண்டி தன் ஓட்டுநருக்குச் சொல்லித்தரப் போவதில்லை. யாராவது ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். உங்கள் அனுபவத்தால் திருத்துங்கள்.

முதல் பாடம் மலை இறக்கம். கோவையிலிருந்து உதகைக்கு உயரத்தை ஏறவே இரண்டு டன் வண்டிக்கு, ஆட்களோடு சேர்த்து, பதினோரு யூனிட் வேண்டும். தூரத்துக்கு ஆகும் மின்சாரம் தனி. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகத் திரும்பி அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித்தரும்; இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பிரேக் கட்டை சூடேறாது. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் வந்த மின்சாரத்தைப் போட இடமில்லை. ரீஜென் சுருங்கிவிடும், முழுப் பாரமும் பிரேக் கட்டைமேல் விழும். உதகை விடுதியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் மலை இறங்குவதைப் போன்ற ஆபத்தான கெட்டிக்காரத்தனம் வேறில்லை. எண்பதில் நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் பிரேக்கிங் என்றால் என்ன, கட்டை தீய்ந்த வாசம் எப்படி இருக்கும் என்று தெரிந்த நீங்கள் சொன்னால்தான் இது காதில் ஏறும்.

இரண்டாவது, ஈரச் சாலையில் காலை எடுப்பது. முன்சக்கர இழுவை வண்டியில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பழக்கம். பின்சக்கர இழுவை மின்காரில் ரீஜென் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரங்கள் மட்டும் பிரேக் பிடித்த மாதிரி ஆகும். பாரம் முன்னே சாயும், பின்பக்கம் லேசாகும், தேயிலைத் தோட்டத்து மழையில் அது வழுக்கப் பார்க்கும். மின்னணுக் காவல் பெரும்பாலும் பிடித்துவிடும். எப்போதும் பிடிக்கும் என்று நம்பி ஓட்டக்கூடாது. மழையில் ரீஜெனைக் குறைத்து வை, காலை மெல்ல எடு. இரண்டே வாக்கியம்தான், எந்த ஷோரூமிலும் என் காதில் விழவில்லை.

மூன்றாவது, எடையும் வேகமும். 60-இல் போகும் வண்டியைவிட 100-இல் போகும் வண்டியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறது. எடையும் கூடினால் அதற்குமேல். பிக்கப் விநாடிகளைப் பற்றிப் பேசும் இளைஞரிடம், நிற்க எத்தனை மீட்டர் ஆகிறது என்று கேளுங்கள். காலி மைதானத்தில் ஒருமுறையாவது பிரேக்கை முழுதாக மிதித்து, ஏ.பி.எஸ். துடிப்பைக் காலில் உணரச் செய்யுங்கள்.

நான்காவது, டயர். எடையும் இழுவையும் சேர்ந்து பின்டயரை வேகமாகத் தின்கின்றன. ஆயில் மாற்ற வேண்டாம், சர்வீஸ் செலவில்லை என்று மனம் குளிர்ந்திருப்பவர்கள் டயரைக் குனிந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். வண்டி சூடேறும் முன் காற்று பாருங்கள், விலை குறைந்த டயருக்கு இறங்காதீர்கள், எடை தாங்கும் குறியீட்டைச் சரிபாருங்கள் என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? ஒரு செட் டயரைப் பற்றி அரை நாள் பேசக்கூடியவர்கள் நீங்கள்.

ஐந்தாவது, காது. ஆழியாறு முதல் வால்பாறைவரை நாற்பது கொண்டை ஊசிகள்; புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் சாலை. ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு நடுரோட்டில் நிற்கும். நம் எக்ஸாஸ்ட் அவற்றை விரட்டியது காட்டுக்குச் செய்த நன்மை ஒன்றும் இல்லை. அமைதியான வண்டி வந்தது காட்டுக்கு நல்லதே. ஆனால் சத்தமில்லாமல் வருபவன் தான் வருவதை யாருக்கும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஊருக்குள் தெருமுனையில் நிற்கும் பாட்டிக்கும் இதே கணக்கு.

இவற்றைச் சொல்லித்தர ஓர் இடமும் வேண்டும். மலைச்சாலை அதற்கு உகந்ததல்ல; நம் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே சிலது கொஞ்சம் அதிகமாகப் போனது நம் எல்லோருக்கும் தெரியும். செட்டிபாளையத்துக்கு வாருங்கள். தடம் எடுக்கும் நாட்களில் உங்கள் போலோக்களோடு நாலு மின்கார்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பிரேக், மதியம் வளைவு, யார் முந்தினார்கள் என்ற கணக்கு வேண்டாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் இதையே கேளுங்கள். தடங்களின் பக்கத்தில் வேகச் சார்ஜர் வையுங்கள் என்றும் கேளுங்கள்; உங்கள் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

தயாரிப்பாளர்களிடமும் நீங்கள் பேச வேண்டும். இன்று மின்காரைப் பற்றி அவர்களிடம் பேசுகிறவர்கள் ஓடும் தூரத்தையும் திரையின் அளவையும் மட்டும் கேட்கிறார்கள். எனவே அவற்றைத்தான் கொடுக்கிறார்கள். பிரேக் மிதியின் உணர்வு எங்கே, ஸ்டியரிங்கில் சாலை ஏன் தெரியவில்லை, புதியவருக்கென்று சக்தியைக் குறைத்து வைக்கும் பூட்டு ஒன்றை ஏன் தரக்கூடாது, எடையை எப்போது குறைப்பீர்கள் என்று கேட்கும் ஆட்கள் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறார்கள். மஹிந்திராவின் ஆய்வு மையம் செங்கல்பட்டுப் பக்கம். ஹூண்டாய் தன் மின் கிரெட்டாவைச் செய்வது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் பேசாமல் இருந்தால், ஓட்டத் தெரியாதவர்கள் கேட்ட வண்டியைத்தான் நம் பிள்ளைகளும் ஓட்டுவார்கள்.

பெட்ரோல் வண்டியை விற்றுவிடுங்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். பாலியோ வைத்திருப்பவர் அதை விற்றால் நானே வந்து சண்டை போடுவேன். வாரநாள் முழுக்க ஒரு மின்கார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெட்ரோல் என்று வைத்துக்கொள்வதில் முரண் ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதலில் அந்தப் பழைய கியர் வண்டியைக் கொடுங்கள். இரண்டு வருடம் அது திட்டட்டும், முனகட்டும், நடுரோட்டில் அணைந்து மானத்தை வாங்கட்டும். அதன்பிறகு மின்காருக்கு ஏறினால் அந்தக் கால் எதற்கும் தயாராக இருக்கும்.

நம்மில் பலர் இன்னும் பத்து வருடத்தில் மாறித்தான் ஆகவேண்டியிருக்கும். பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. லிட்டருக்கான ஆற்றலில் எத்தனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய டர்போக்காரர்கள் ஏற்கெனவே புலம்பத் தொடங்கிவிட்டீர்கள். போலோவின் தயாரிப்பு 2022-இலேயே இங்கே நின்றுவிட்டது. உதிரிபாகத்துக்கு அலைவது கூடிக்கொண்டே போகும். மாறும் நாள் வரும்போது எந்த மாதிரியான வண்டியும் எந்த மாதிரியான சாலையும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது நீங்கள் இப்போது பேசுவதைப் பொறுத்தது.

ஆகவே, மாறுங்கள் அல்லது மாறாதிருங்கள். அது உங்கள் பணம், உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் தெருவில் யாராவது புதிதாக மின்கார் வாங்கியிருந்தால் இந்த வாரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வண்டியைச் சுற்றிப் பாருங்கள், மிக்ஸி என்று கொஞ்சம் கேலியும் செய்யுங்கள். பிறகு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மிக்ஸிக்காரன்,
கோவை